ஏரிக்கரையில் இயற்கை மையம்: நடைபாதை, வகுப்பு, காயம்பட்ட உயிர்களுக்குச் சிகிச்சை ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் வைக்கலாமா?

ஏரிக்கரைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் ஏரியை ஒட்டிய குடியிருப்பில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் மூன்று ஆண்டுகளாக ஆகாயத்தாமரையை அகற்றுவது, வரத்துக் கால்வாயில் அடைத்துக் கிடக்கும் குப்பையை வாருவது, கரையில் புங்கன், நாவல், நீர்மருது ஆகிய கன்றுகளை நடுவது என்று இயன்றதைச் செய்து வருகிறது. மதகுக்கு அருகில் பயன்பாட்டில் இல்லாத பழைய பம்பு அறை ஒன்று இருக்கிறது. அதைச் சீரமைத்து, அங்கிருந்து ஒரு நடைபாதை தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் வகுப்பு நடத்தும் சிறிய இயற்கை மையமாக ஆக்கலாம் என்பது எங்கள் விருப்பம்.

இதற்குப் பணம் தர முன்வந்த ஒரு நல்லவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். அடிபட்ட பறவைகளையும் விலங்குகளையும் வைத்துப் பராமரிக்கும் மறுவாழ்வுக் கூடமும் அதே இடத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகள் அவற்றை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்கிறார். சங்கத்தில் பாதிப் பேருக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சென்ற மார்ச்சில் நடந்த ஒன்று என்னைத் தயங்க வைக்கிறது. தெருவில் கிளை வெட்டியபோது பொந்தோடு கீழே விழுந்த புள்ளி ஆந்தைக் குஞ்சு ஒன்றைக் காவலாளி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் மகள் அதை அட்டைப்பெட்டியில் வைத்து, பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டினாள். அது முதல் நாள் வாயைத் திறந்து வாங்கியது. இரண்டாம் நாளே வாங்க மறுத்தது. கிடைத்த எண்களுக்கெல்லாம் அழைத்துப் பார்த்தோம், யாரும் வரவில்லை. நான்காம் நாள் காலையில் பெட்டியின் மூலையில் தலை சாய்ந்து கிடந்தது. மகள் இன்னும் அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட விடவில்லை.

சட்டப்படி எங்களைப் போன்ற சங்கம் இப்படி ஒரு கூடத்தை நடத்த முடியுமா, முடியுமென்றாலும் நடத்துவது சரிதானா, இத்தகைய மையங்களை அருகிலிருந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பழைய வனச்சரகர்:

ஐயா, உங்கள் கேள்வியில் சட்டம் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருளல்ல. பிடிப்பதும் அடைத்து வைப்பதும் அதில் அடங்கும். அடிபட்டதைக் காப்பாற்ற எடுத்தேன் என்பது நல்ல காரணந்தான். ஆயினும் அந்த உயிர் உங்கள் உடைமை ஆகிவிடாது. அட்டவணைகளில் உள்ள காட்டுயிர் அரசின் சொத்து என்பது அந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. அப்படி ஒன்று கையில் வந்து சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் காப்பாற்றி ஒப்படைப்பதை எந்த வனத்துறை அலுவலரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் கூண்டில் வைத்திருப்பதோ முற்றிலும் வேறு விஷயம்.

உங்கள் கொடையாளர் கேட்பது அதையும் தாண்டியது. உயிருள்ள காட்டு விலங்குகளை அடைத்து வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டினால், நீங்கள் என்ன பெயர்ப்பலகை வைத்தாலும், சட்டத்தின் கண்ணில் அது உயிரியல் பூங்கா. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் அதை நடத்த முடியாது. மீட்பு மையங்களும் அந்த ஆணையத்தின் வரம்புக்குள் வருபவைதான். மருத்துவர், தனிமைப்படுத்தும் அறை, பதிவேடு, நிலையான நிதி என்று அவர்கள் கேட்பவற்றை ஒரு பம்பு அறையில் காட்ட இயலாது.

பணியில் இருந்தபோது நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சிறகு வெட்டப்பட்ட பச்சைக்கிளி ஒன்றை ஒரு வீட்டில் ‘மீட்டு’ வைத்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் நான் போனபோது அது அந்த வீட்டுத் தாத்தாவின் பெயரைச் சொல்லி அழைத்தது. அதைக் கூண்டோடு எடுத்து வந்த அன்று அந்த வீட்டார் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். முதல் வாரத்திலேயே ஒப்படைத்திருந்தால் அது பறந்திருக்கும்.

இன்னொன்று: அந்த ஏரி யாருடையது என்பதை முதலில் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகள் பொதுப்பணித்துறையிடமிருந்து வந்த நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை உள்ளாட்சியின் பொறுப்பிலும் இருக்கும். வயல்கள் வீட்டுமனைகளாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆவணத்தில் ஆயக்கட்டு அப்படியே இருக்கும். வாய்மொழிச் சம்மதத்தை நம்பிக் கட்டடத்தில் பணம் போட வேண்டாம்.

கால்நடை மருத்துவர், செங்கல்பட்டு:

முதலில் உங்கள் மகளுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள், ஐயா. அந்தக் குஞ்சு அவளால் சாகவில்லை. பொந்திலிருந்து அவ்வளவு உயரத்தினின்று விழுந்த குஞ்சுக்கு உள்ளே என்ன அடிபட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த முறை பாலும் ரொட்டியும் வேண்டாம். பறவைகளுக்குப் பாலைச் செரிக்கும் திறன் இல்லை, வயிற்றுப்போக்குதான் வரும். புள்ளி ஆந்தை பூச்சி, பல்லி, சுண்டெலி ஆகியவற்றை முழுதாகத் தின்று, அவற்றின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைப் பெறும் பறவை. வெறும் கோழிக்கறித் துண்டை மட்டும் கொடுத்து வளர்த்தாலும் சில வாரங்களில் கால் எலும்பு வளைந்துவிடும்.

கீழே கிடக்கும் குஞ்சுகளில் பலவற்றுக்கு மருத்துவமனையே தேவையில்லை என்பதுதான் நான் இத்தனை ஆண்டுகளில் கண்டது. இறகு முளைத்து, கிளைக்குக் கிளை தத்தத் தொடங்கிய குஞ்சு தரையில் இருப்பது அதன் வளர்ச்சியில் ஒரு கட்டம். தாய் அருகில் எங்கோ இருந்து அதை ஊட்டிக்கொண்டிருக்கும். பூனையும் நாயும் எட்டாத உயரத்தில் ஒரு கிளையில் விட்டால் போதும். இறகே இல்லாத குஞ்சாக இருந்து கூடு தெரிந்தால் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம். கூடு சிதைந்திருந்தால், துளையிட்ட சிறு கூடையில் காய்ந்த புல்லை இட்டு அதே மரத்தில் கட்டிவிட்டு, மறைவாக நின்று இரண்டு மணி நேரம் பாருங்கள். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. பறவைகளைப் பொறுத்தவரை அது உண்மையல்ல.

உண்மையாகவே அடிபட்டதாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் வெதுவெதுப்பு, பிறகு நீர், அதன் பின்னரே உணவு. துளையிட்ட காலணிப்பெட்டி, அதில் ஒரு பருத்தித் துணி, இருட்டு, அமைதி. பறவையின் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய், அடிபட்ட இடம் ஆறுவதற்குள் நுரையீரல் நிரம்பி இறந்துவிடுகிறது. இப்படி வந்து என் மேசையிலேயே இறந்தவை உண்டு. கொக்கையும் வக்காவையும் எடுப்பவர் முதலில் அதன் அலகைப் பிடிக்க வேண்டும். அது நேராகக் கண்ணைத்தான் குத்தும். வௌவால், கீரி, குரங்கு ஆகியவற்றை வெறுங்கையால் தொடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிகிச்சையில் இருக்கும் காட்டுயிரைப் பிள்ளைகள் அருகில் நின்று பார்ப்பதை நான் ஏற்கவில்லை. அதற்கு மனித முகம் என்பது வேட்டையாட வந்த ஒன்றின் முகம். சத்தம் போடாமல், அசையாமல் இருப்பதைப் பார்த்து ‘சாதுவாக இருக்கிறது’ என்கிறோம். அது அச்சத்தில் உறைந்திருக்கிறது. மாஞ்சா நூல் சிறகில் அறுத்து ஏரியோரம் விழுந்த பருந்து ஒன்றை எடுத்து வந்தார்கள். தசைநார் அறுபடவில்லை என்பதால் தையல் போட்டுப் பிழைக்க வைக்க முடிந்தது. ஆனால் அது கண்ணில் யாரும் படாத இருட்டறையில் இருந்தவரைதான் இரை எடுத்தது. நான் கதவைத் திறந்து நின்றால் வைத்த இறைச்சியைத் தொடாது. குஞ்சுகளின் சங்கடம் இதற்கு நேர்மாறானது. கண் திறந்த நாள் முதல் மனிதரையே பார்த்து வளரும் ஆந்தை, தன்னையும் மனிதர் இனம் என்றே எண்ணி வளரும். அதை விடுவித்தால் அடுத்த தெருவில் யாராவது ஒருவர் தோளில் போய் உட்காரும், அவர் கல்லெடுப்பார்.

ஆகவே மறுவாழ்வுக் கூடத்தை விட்டுவிட்டு, ஒரு முதலுதவி அறையை மட்டும் வையுங்கள். பல அளவுகளில் பெட்டிகள், தடித்த கையுறை, துண்டுகள், எடை பார்க்கும் சிறு தராசு, ஒரு பதிவேடு ஆகியவை போதும். வனச்சரக அலுவலகம், மாவட்ட வன அலுவலர், வர ஒப்புக்கொண்ட மருத்துவர் இருவர், வண்டி ஓட்ட ஒப்புக்கொண்ட தன்னார்வலர் நால்வர் என்று ஒரு தொலைபேசிப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் வீட்டில் அந்த நான்கு நாளும் இல்லாமல் போனது இந்தப் பட்டியல்தான். ஏரிப்பக்கத்திலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்கா தொலைவில்லை. வனத்துறை ஒப்புதலோடு உரிய இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது அன்றே முடியக்கூடிய வேலை.

விரிகுடாத் தமிழன்:

மருத்துவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் கொடையாளரின் ஆசையை முழுவதும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் கலிபோர்னியாவில் வால்நட் கிரீக் என்ற ஊருக்கு அருகில் இருக்கிறேன். அங்கே லிண்ட்சே காட்டுயிர் மையம் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி தொடங்கப்பட்ட காட்டுயிர் மருத்துவமனைகளுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று. ஆனால் அது மருத்துவமனையாகத் தொடங்கவில்லை. 1955இல் அலெக்சாண்டர் லிண்ட்சே என்பவர் அதைச் சிறுவர்களுக்கான இயற்கை அருங்காட்சியகமாகத் தொடங்கினார். மருத்துவமனை வந்தது 1970இல். இடையில் பதினைந்து ஆண்டுகள். இந்த வரிசையை உங்கள் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

அங்கும் பார்வையாளர் அருகில் காண்பவை சிகிச்சை பெற்றுத் திரும்பப் போகும் உயிர்கள் அல்ல. சிறகு ஒட்டாமல் போன பருந்து, ஒரு கண் இழந்த ஆந்தை என்று, விட்டால் காட்டில் பிழைக்க முடியாதவற்றையே, அனுமதி பெற்று, பயிற்சியாளர் கையில் வைத்து மக்களுக்குக் காட்டுகிறார்கள். மற்றவற்றிடம் பேசக்கூடக் கூடாது என்பது தன்னார்வலருக்கு முதல் நாளே சொல்லப்படும் விதி. அங்கும் சட்டம் தளர்வானதல்ல. வலசைப் பறவைகளுக்கு 1918ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி ஓர் அனுமதி வேண்டும். மாநில அரசின் அனுமதி தனி. வீட்டில் வைத்து வளர்த்துப் பார்க்கலாம் என்று ஒருவரும் கிளம்ப முடியாது.

ஊரில் இருப்பவர்கள் இதைக் கூண்டும் ஊசியுமாகக் கற்பனை செய்கிறார்கள். வசந்த காலத்தில் குஞ்சுகள் வந்து குவியும் பருவத்தில் இத்தகைய மருத்துவமனைகளில் நடப்பது என்னவென்றால், பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை அரைமணிக்கு ஒருமுறை பாடும் பறவைக் குஞ்சுகளுக்கு ஊட்டுவது, இடையில் பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, எச்சம் வழிப்பது, மறுபடி ஊட்டுவது. உங்கள் சங்கத்தில் காலை ஆறரை மணிக்கு வந்து மாலை ஆறரை மணி வரை, ஞாயிறும் பொங்கலும் பாராமல், முறை வைத்து நிற்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையே கொடையாளருக்கான பதில்.

பறவை பார்க்கும் ஆசிரியை:

எல்லோரும் சிகிச்சையைப் பற்றியே பேசிவிட்டார்கள். எனக்கு உங்கள் நடைபாதையைப் பற்றித்தான் கவலை, ஏனென்றால் நம் ஊர் ஏரிகளில் பறவைகளை விரட்டுவது பெரும்பாலும் நாம் போடும் நடைபாதைதான். ஏரியைச் சுற்றி முழு வட்டமாகக் கல் பதித்து, பத்தடிக்கு ஒரு விளக்கு நட்டு, உடற்பயிற்சிக் கருவி வைத்துவிட்டால் அது பூங்கா. பறவைக்கு ஒதுங்க ஒரு பக்கமும் மிஞ்சாது. கரையில் பாதியை மட்டும் நடக்க விடுங்கள். உபரி நீர் வெளியேறும் கலங்கல் பக்கம் கோரையும் நாணலும் மண்டிக் கிடப்பதை ‘அசுத்தம்’ என்று யாராவது வெட்டச் சொல்வார்கள், வெட்ட விடாதீர்கள். நீலத்தாழைக்கோழி கூடு கட்டுவது அதற்குள்தான். மண் பாதை போதும், விளக்கு வேண்டாம்.

அடையாற்றில் தொல்காப்பியப் பூங்காவைப் போய்ப் பார்த்து வாருங்கள். கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் முகத்துவார நிலத்தைத் தூர்வாரி, இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை நட்டு மீட்டார்கள், 2011இல் திறந்தார்கள். நினைத்த நேரத்தில் நுழையும் பூங்காவாக வைக்காமல், முன்பதிவு செய்து வரும் பள்ளிக் குழுக்களுக்கு வழிகாட்டியோடு காட்டும் இடமாகவே அதைத் தொடங்கினார்கள். அப்போது பலர் குறை சொன்னார்கள், நானும் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை அழைத்துப் போன பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கட்டடமே இல்லாமலும் இயற்கைக் கல்வி நடக்கும். 1988 முதல் சென்னையில் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு ஆண்டுதோறும் முட்டையிடும் பருவத்தில் இரவில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கரையோரம் நடக்கிறது. பங்குனி ஆமை மணலில் புதைத்துப் போகும் நூற்றுச்சொச்சம் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, ஏறத்தாழ 45 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். நடை, பாடம், உயிர் காப்பது மூன்றும் அதில் ஒன்றாக இருக்கின்றன, கூண்டு மட்டும் இல்லை. உங்கள் கொடையாளரை ஒரு சனிக்கிழமை இரவு அந்த நடைக்கு அனுப்பி வையுங்கள்.

வேடந்தாங்கலிலும் அப்படித்தான். 1798இலேயே அந்த ஊரார் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக் கூடாது என்று கவுல், அதாவது எழுத்துமூல உறுதி, வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு எருவாவது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

வகுப்புக்கு ஒரு யோசனை. பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒரு பிள்ளைக்கு ஓரிடம் என்று கொடுத்து, இருபது நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு ஓர் ஏழாம் வகுப்பு மாணவன் அல்லி இலை மேல் நடக்கும் தாழைக்கோழி என்று எழுதியிருந்தான். இலைக்கோழி என்று திருத்தப் போனேன். அவனோ, ‘இதன் விரல் இதன் காலை விட நீளம் டீச்சர், அதனால்தான் இலை முழுகவில்லை’ என்றான். பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஜனவரியில் பொங்கலை ஒட்டி 2015 முதல் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஏரியின் முதல் பட்டியலை அதில் தொடங்குங்கள். பின்னாளில் யாராவது ஏரிக்குள் மண் கொட்ட வந்தால் கையில் ஒரு சான்று இருக்கும்.

ஏரிக்கரைவாசி:

நால்வருக்கும் நன்றி. ஞாயிறன்று சங்கக் கூட்டத்தில் இவற்றை அப்படியே வாசித்துக் காட்டினேன். காலை ஆறரை முதல் மாலை ஆறரை வரை முறைக்கு நிற்பவர் யார் என்று கேட்டபோது மூன்று கைகள் உயர்ந்தன; அவற்றில் ஒன்று என் மகளுடையது, மற்றொன்று எழுபத்தாறு வயதுப் பெரியவருடையது. கொடையாளர் சிரித்துவிட்டு, முதலுதவி அறைக்கும் ஒரு வண்டிக்கும் பணம் தருவதாகச் சொன்னார். கரையின் கிழக்குப் பாதியை மட்டும் பாதையாக்குவது என்றும், ஏரியின் உரிமை பற்றி நீர்வளத்துறைக்கும் மாநகராட்சிக்கும் எழுதிக் கேட்பது என்றும் தீர்மானித்தோம்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அளவெடுக்கப் பம்பு அறையைத் திறந்தபோது, உடைந்த காற்றுச்சாளரத்தின் மேல் ஒரு ஜோடி கூகை உட்கார்ந்திருந்தது. தரையெல்லாம் கறுப்பாக, விரல் நீளத்தில் உருண்டைகள் கிடக்கின்றன. எச்சம் என்று நினைத்துப் பெருக்கச் சொன்னேன். பிறகு வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

பறவை பார்க்கும் ஆசிரியை:

நிறுத்தியது நல்லது. அவை எச்சமல்ல, கூகை செரிக்காமல் கக்கிய முடியும் எலும்பும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து ஒரு பை நிறைய எடுத்து, வெயிலில் உலர்த்தி, ஓவன் அடுப்பில் சூடாக்கிவிட்டு வையுங்கள். முதல் வகுப்பில் ஆளுக்கு ஒன்றும் ஒரு குச்சியும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால், எலி மண்டையோடு பல்வரிசையோடு முழுதாக வரும். அறையை இப்போதைக்குப் பூட்டிவிட்டு, வகுப்பைப் புங்க மரத்தடியில் தொடங்குங்கள். சாளரத்தை மட்டும் அடைக்க வேண்டாம்.